கம்பம்மெட்டு ஏறிய என்ஜின்கள்

ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைத்து வலுவாக்க விரும்புபவர் முன்னால் முதலில் வந்து நிற்பது ஒரு பழைய கேள்வி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவையோ சூப்பர்சார்ஜரையோ பொருத்துவதா? அல்லது தானாகக் காற்றிழுக்கும் சாதா என்ஜினையே கேம், ஹெட், எக்ஸாஸ்ட் என்று பகுதி பகுதியாகச் செதுக்கி மேம்படுத்துவதா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் குதிரைத்திறன் கணக்காகவோ தனிப்பட்ட ரசனையாகவோ பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் தேனி மாவட்டத்தையும் இடுக்கி மாவட்டத்தையும் இணைக்கும் கம்பம்மெட்டுச் சாலையும் அதன் பக்கத்து மலைச்சாலைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அங்கே சோதனைக்கு வந்தவை பந்தயக் கார்கள் அல்ல. ஜீப்புகள், லாரிகள், பேருந்துகள். அவற்றின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஓர் என்ஜினின் தகுதியைத் தீர்மானிப்பது அது தரும் உச்ச வலு எவ்வளவு என்பதைவிட, அந்த வலு எந்தச் சுழற்சியில், எந்தச் சுமைக்கு, எவ்வளவு நம்பிக்கையோடு கிடைக்கிறது என்பதுதான். டர்போ இந்த மலைக்குத் தாமதமாக வந்ததற்கும், வந்தபின் நிலைத்ததற்கும் காரணம் இதுவே.

கம்பம் பள்ளத்தாக்கையும் மேலேயுள்ள ஏல மலைகளையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தச் சாலையின் தேவை புரியாது. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியபின் பள்ளத்தாக்கில் நெல்லும் மக்கள்தொகையும் பெருகின. மேலே நெடுங்கண்டம், கட்டப்பனை, வண்டன்மேடு பகுதிகளில் ஏலக்காய்த் தோட்டங்கள் விரிந்தன. தோட்டத்துக்கு ஆளும் அரிசியும் கீழிருந்து ஏற வேண்டும். ஏலக்காய் மேலிருந்து இறங்க வேண்டும். வடக்கே போடி மலைப்பகுதியில் இந்தத் தேவைக்கு அரிய ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். 1908-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கியது. 1924-ன் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. அதன்பின் இந்த எல்லை மலைகளில் சரக்கையும் ஆட்களையும் சுமக்கும் பொறுப்பு சாலைக்கும், சாலையில் ஏறும் என்ஜினுக்கும் வந்து சேர்ந்தது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்துடன் சேர்ந்தன. கம்பம்மெட்டு மாநில எல்லையாகவும் சோதனைச்சாவடியாகவும் ஆயிற்று. எல்லை பிரிந்தாலும் வேலை பிரியவில்லை. கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்துப் பெண்கள் நாள்தோறும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி மேலே தோட்ட வேலைக்குப் போய், மாலையில் இறங்கி வருவது இன்றும் தொடர்கிறது.

மலை என்றதும் டர்போ முதலில் நினைவுக்கு வருவதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் டர்போ தன் பெருமையை நிலைநாட்டியதே ஒரு மலையுச்சியில்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எக்ஸாஸ்ட்டில் வீணாகும் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புவது அவருடைய யோசனை. பிரான்சின் ஓகுஸ்த் ரத்தோ இதை விமான என்ஜினில் முயன்றார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான என்ஜினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த என்ஜின் மலையுச்சியில் 230-க்கு இறங்கியது; டர்போ பொருத்தியதும் 356-ஐத் தொட்டது. மெல்லிய காற்றில் சாதா என்ஜின் மூச்சுத் திணறுகிறது, டர்போ அதை மீட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதை அப்படியே கம்பம்மெட்டுக்குப் பொருத்தினால் தவறான முடிவுக்கே வருவோம். கம்பம்மெட்டு ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே குறைகிறது. கம்பமே கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் மேலே இருப்பதால், அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் இடையேயான வேறுபாடு இன்னும் சிறியது. கூர்ந்து கவனிக்கும் ஓட்டுநருக்கு மட்டும் தெரியக்கூடிய இழப்பு இது. 5,000 மீட்டரைத் தாண்டும் லடாக் கணவாய்களில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைவதோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆகவே இந்த மலையில் டர்போ வேண்டுமா என்ற கேள்விக்கு உயரம் விடை தராது. சரிவும் சுமையும்தான் விடை தர வேண்டும். இதை உறுதிப்படுத்த வேறொரு மாவட்டத்தின் எல்லையே போதும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ சமநிலமாகத் திறந்திருக்கும் இடைவெளி. வாளையாறு வழியே கேரளத்துக்குள் நுழையும் லாரி பெரிய ஏற்றம் எதையும் சந்திப்பதில்லை. அதே லாரி கம்பம்மெட்டு வழியே போனால், அதே என்ஜினிடம் முற்றிலும் வேறான வேலை கேட்கப்படுகிறது.

அந்த வேலை எவ்வளவு என்று எளிய கணக்கில் பார்க்கலாம். கம்பத்திலிருந்து மேட்டுக்குச் சுமார் 13 கிலோமீட்டர் சாலை, சுமார் 600 மீட்டர் ஏற்றம், அரை மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப்பை இந்த ஏற்றத்தில் தூக்கவும், டயரின் உராய்வை வெல்லவும், கியர் பெட்டியில் போகும் இழப்பை ஈடுகட்டவும் சராசரியாக 15 குதிரைத்திறன் அளவே போதும். செங்குத்தான இடங்களில் இது இரண்டு மடங்கானாலும் 30-ஐத் தாண்டாது. முழுச்சுமையோடு 16 டன் எடையுள்ள லாரிக்கு அதே நேரத்தில் ஏற 100 குதிரைத்திறனை நெருங்கும் வலு இடைவிடாமல் வேண்டும். செங்குத்தான இடங்களில் என்ஜினின் முழு வலுவும் அங்கேயே தீர்ந்துவிடும். ஜீப்பிடம் வலு உபரியாக இருக்கிறது. லாரியிடம் பற்றாக்குறையாக இருக்கிறது. இந்த மலையின் என்ஜின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஜீப்பின் கதை. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் 75 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோல் விலை ஏறியபின் டீசல் என்ஜின்கள் வந்தன: டிராக்டர் வழிவந்த இன்டர்நேஷனல் என்ஜின், பிரான்சின் பூஜோவிடம் 1979-ல் உரிமம் பெற்ற 2.1 லிட்டர் எக்ஸ்டிபி, பிறகு மகிந்திராவின் சொந்த டிஐ என்ஜின். எல்லாமே டர்போ இல்லாதவை. 60 குதிரைத்திறனை ஒட்டி நின்ற இந்த என்ஜின்களை நகரத்து நெடுஞ்சாலையில் மந்தமானவை என்று ஒதுக்கிவிடலாம். மலைச்சாலையில் அவற்றின் சிறப்பு வேறு. டிராக்டர் குணம் கொண்ட என்ஜின் 1,500 சுழற்சிக்கு அருகிலேயே தன் இழுவையைத் தந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் வேகம் நடை அளவுக்கு இறங்கி, முதல் கியரில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் வண்டி உடனே இழுத்தாக வேண்டும். அப்படி இழுக்காமல் வண்டி பின்னுக்கு நகர்ந்தால் அந்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. சாதா டீசல் என்ஜினில் மிதிக்கும் காலுக்கும் இழுக்கும் சக்கரத்துக்கும் இடையே காத்திருப்பு இல்லை.

தொடக்ககால டர்போவின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. குறைந்த சுழற்சியில் எக்ஸாஸ்ட் ஓட்டம் குறைவாக இருப்பதால் டர்போ சக்கரம் வேகமெடுக்க நேரமாகும். இந்தத் தாமதத்தோடு 1973-ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும், அடுத்து போர்ஷே 911 டர்போவும் வந்தபோது ஐரோப்பியச் சாலைகளில் திறமையான ஓட்டுநர்களே தடுமாறினார்கள். வளைவின் நடுவில் இல்லாத வலு, வளைவு முடிந்தபின் ஒரேயடியாக வந்து விழுந்தது. அப்படிப்பட்ட டர்போவைக் கம்பம்மெட்டு ஜீப்பில் பொருத்தியிருந்தால் அது உதவியாக இருந்திருக்காது. அதற்குத் தேவையான பராமரிப்பும் கீழேயுள்ள பட்டறைகளில் எளிதல்ல. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சியில் ஓடும்; அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஏற்றம் ஏறிய சூட்டோடு சோதனைச்சாவடியில் உடனே என்ஜினை அணைத்தால் அந்த எண்ணெய் கருகி பேரிங் தேயும். சாதா என்ஜினில் மெக்கானிக் டீசலைச் செலுத்தும் மைக்கோ பம்பின் டைமிங்கையும் நாசிலையும் பார்த்து, வால்வைத் தேய்த்துப் பொருத்தி, ஹெட் கேஸ்கெட்டை மாற்றினால் வண்டி மறுநாள் தொழிலுக்குப் போய்விடும். அதிகாலையில் ஆட்களை ஏற்றிப் போய் மாலையில் இறக்கும் ஜீப்புக்கு ஒரு நாள் நிற்பது என்றால் ஒரு நாள் கூலி போவது. அதில் போகும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதே இழப்பு. அதனால் ஜீப் உலகம் நீண்ட காலம் சாதா என்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பழமைவாதம் என்று சொல்ல முடியாது. கையிலிருந்த வலு போதுமானதாகவும், அது கிடைக்கும் விதம் சரியானதாகவும் இருந்தன. மேலதிக வலுவுக்காக நம்பகத்தன்மையை விற்க யாரும் விரும்பவில்லை.

லாரியின் கதை வேறு. உலகம் முழுவதும் கனரக வண்டிகளுக்கே டர்போ முதலில் பயன்பட்டது. சுவிட்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் 1938-லேயே டர்போ லாரி என்ஜினைக் கொண்டுவந்தது, அதுவும் மலைநாட்டுத் தேவையிலிருந்தே. இந்தியாவில் 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனபின் வந்த காமெட் லாரிகளும் பேருந்துகளும், டாட்டாவின் ஆறு சிலிண்டர் 697 என்ஜின் வண்டிகளும் பல பத்தாண்டுகள் சாதா டீசலிலேயே ஓடின. எடை கூடக்கூட அவை மலையில் திணறின. முதல் கியரில், புகை கக்கிக்கொண்டு, பின்னால் நீண்ட வாகன வரிசையை இழுத்துக்கொண்டு ஏறின. அழுத்தமேற்றிய காற்றின் பயன் இங்கே நேரடியானது. அதே அளவு சிலிண்டருக்குள் அதிகக் காற்று போனால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். என்ஜினைப் பெரிதாக்காமலே அதிகச் சுமையை ஏற்றலாம். 1980-களில் அசோக் லேலண்ட் ஜப்பானின் ஹினோவுடன் கூட்டுச் சேர்ந்து புதிய என்ஜின் வரிசையைக் கொண்டுவந்தது. டாட்டாவின் 697-க்கு டர்போ வடிவம் வந்தது. தமிழ்நாட்டிலேயே டர்போ தயாரிக்க 1982-ல் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1912-ல் மதுரையில் பேருந்து விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் வழிவந்த தொழில் குடும்பத்தின் நிறுவனங்கள் டர்போ தயாரிப்பிலும் பங்கேற்றன என்பது இந்தத் தொழில் தமிழ் மண்ணில் எவ்வளவு தொடர்ச்சியாக வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: லாரிகளுக்கு டர்போ வந்தது மலைக்காகவா, சட்டத்துக்காகவா? 2000-ல் புகை விதிகள் நாடு முழுவதும் இறுகின. 2010-ல் பாரத் நிலை 3, 2017-ல் நிலை 4, 2020-ல் நிலை 6 என்று அடுத்தடுத்து வந்தன. போதுமான காற்று இல்லாமல் டீசலைச் சுத்தமாக எரிக்க முடியாது என்பதால் டர்போ கிட்டத்தட்டக் கட்டாயமானது. ஆகவே மலையின் தேர்வு என்று இதைச் சொல்வது பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். டர்போ எல்லா வண்டிகளுக்கும் பரவியது சட்டத்தால் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்டதும் மலை கேட்டதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கருப்புப் புகை என்பது எரியாமல் போன டீசல். எரியாமல் போன டீசல் என்பது ஏற்றத்தில் கிடைக்காமல் போன இழுவை. கனத்த சுமையில் காற்று போதாத என்ஜினின் குறையை நகரத்து நுரையீரல் ஒரு வழியில் உணர்ந்தது, மலைச்சாலை இன்னொரு வழியில் உணர்ந்தது. இதற்கு மகிந்திராவின் டிஐ என்ஜினே நல்ல சான்று. சுமார் 2.5 லிட்டர் அளவுள்ள அந்த என்ஜின், டர்போ பொருத்திய பின்னும் 63 குதிரைத்திறன் அளவிலேயே நின்றது. டர்போ இல்லாத வடிவத்திலிருந்து இது பெரிய ஏற்றம் அல்ல. வலுவைப் பெருக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் பெருக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கீழ்ச் சுழற்சியின் இழுவையும் சுத்தமான எரிப்பும் முதன்மை பெற்றன. சட்டத்தின் அழுத்தத்தில் வந்த டர்போவும் மலைக்கு ஏற்றபடியே வடிவம் பெற்றது.

அந்த வடிவ மாற்றம்தான் டர்போவைப் பயணிகள் வண்டிக்கும் உகந்ததாக்கியது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970-களின் இறுதியில் 99 டர்போவில் ஒரு பாதை காட்டியது. பெரிய டர்போவால் உச்ச வேகத்தைத் தேடுவதைவிட, சிறிய டர்போவைப் பொருத்தி, மிகையான அழுத்தத்தை வேஸ்ட்கேட் வழியே வெளியேற்றி, அன்றாட வேகத்தில் இழுவையைப் பெருக்குவது அந்தப் பாதை. பின்னர் இன்டர்கூலர் வந்தது, காமன் ரெயில் வந்தது, எவ்வளவு டீசலை எந்தக் கணத்தில் தெளிப்பது என்று மின்னணுக் கட்டுப்பாடு முடிவுசெய்யத் தொடங்கியது. இந்தியச் சாலைகளில் 1998-ல் டாட்டா சஃபாரியும் 2002-ல் ஸ்கார்ப்பியோவும் டர்போ டீசலோடு வந்தன. 2010-ல் வந்த தார் ஜீப்பின் சிஆர்டிஇ வடிவம் 105 குதிரைத்திறனோடு 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2,000 சுழற்சிக்குள்ளேயே தந்தது. 2020-ன் புதிய தாரில் பெட்ரோல், டீசல் இரண்டுமே டர்போதான். பெட்ரோல் வடிவம் 150 குதிரைத்திறன். சாதா என்ஜின் ஜீப் ஆண்ட மலையில் டர்போ இப்போது ஆட்சி செய்கிறது.

அப்படியானால் பழைய சாதா என்ஜின் வெறும் பின்தங்கிய கட்டமா? இல்லை என்றே நான் சொல்வேன். டர்போ வென்றது சாதா என்ஜினின் குணத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான். மிதித்தவுடன் இழுக்கும் இயல்பை, கீழ்ச் சுழற்சியிலேயே வரும் முறுக்குவிசையை அது தனதாக்கிக்கொண்ட பிறகே இந்த மலையில் அதற்கு இடம் கிடைத்தது. கார்களிலும் இதைக் காணலாம். 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி விடெக் 1.5 லிட்டர் சாதா என்ஜின் 106 குதிரைத்திறன் தந்தது. வண்டியை மாற்றியமைக்கும் இளைஞர்கள் பலரும் அதைத் தேடிப் பிடித்தார்கள். 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, வெறும் 1.2 லிட்டர் டர்போவில் 105 குதிரைத்திறன் தந்தது. தாளில் இரண்டும் சமம். ஆனால் ஹோண்டாவின் முறுக்குவிசை 5,000 சுழற்சியை நெருங்கும்போது உச்சம் தொடும். போலோவின் முறுக்குவிசை 1,500-லேயே உச்சத்தை எட்டி 4,000 வரை சமமாக நிற்கும். கம்பம்மெட்டு வளைவில் இரண்டாம் கியரில் ஏறும் ஓட்டுநருக்கு இவை சமமான கார்கள் அல்ல. சமமான நெடுஞ்சாலையில், என்ஜினை உச்ச சுழற்சியில் பாடவிட்டு ஓட்டுபவருக்கும் இவை சமமல்ல. ஆனால் அவருடைய தேர்வு நேர்மாறாக இருக்கலாம்.

பந்தய உலகைச் சான்றாகக் காட்டி இன்னொரு மறுப்பை எழுப்பலாம். தமிழகத்தின் மோட்டார் பந்தய மரபு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு நகர்ந்தது. கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். அவர் பெயரில் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் எழுந்த கரி தடத்தில் ஓடிய பயிற்சிக் கார்களும் சாதா என்ஜின்களையே நம்பின. அந்தக் கோவையிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய ஜோர்டான் காரின் டொயோட்டா வி10 என்ஜினும் டர்போ இல்லாததே. அப்படியானால் திறமைக்கும் தூய்மையான ஓட்டுதலுக்கும் சாதா என்ஜினே சரி என்று சொல்லலாமே? சாதா என்ஜின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நேர்கோடு வைத்திருக்கிறது. கற்கும் ஓட்டுநருக்கு அது நல்ல ஆசான். எல்லாக் கார்களையும் சமமாக வைத்துத் திறமையை மட்டும் அளக்கவும், செலவைக் கட்டுக்குள் வைக்கவும் அது உதவுகிறது. ஆனால் தடம் சமநிலம்; அங்கே என்ஜின் எப்போதும் உச்ச சுழற்சிக்கு அருகிலேயே இருக்கும். ஃபார்முலா ஒன்னே 1977-ல் ரெனோ கொண்டுவந்த டர்போவை ஏற்று, 1989-ல் தடைசெய்து, 2014-ல் மறுபடி அழைத்துக்கொண்டது. இடமும் விதியும் மாறும்போது விடையும் மாறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதிலிருந்து, வண்டியை மாற்றியமைப்பவர் கற்க வேண்டியது தெளிவாகிறது. சாதா என்ஜினைச் செதுக்கும் வழியில் கூர்மையான கேம், செதுக்கிய போர்ட்டுகள், கூட்டிய கம்ப்ரஷன், திறந்த எக்ஸாஸ்ட் எல்லாம் பெரும் செலவுக்குச் சிறு ஆதாயமே தரும். அந்த ஆதாயமும் பெரும்பாலும் சுழற்சியின் மேல்முனையில் குவியும். கீழ்முனையில் இழுவை குறையவும் கூடும். செட்டிபாளையத்தில் பொருத்தமான அந்த என்ஜின் கம்பம்மெட்டில் பழைய என்ஜினைவிட மோசமாகத் தோன்றும். டர்போ பொருத்தும் வழி ஒரே அடியில் பெரிய வலுவைத் தரும். ஆனால் தயாரிப்பாளர் சாதா என்ஜினுக்கென்று வைத்த உயர்ந்த கம்ப்ரஷன் நாக்கிங்கைக் கொண்டுவரும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச், ரேடியேட்டர், எரிபொருள் அமைப்பு என்று ஒவ்வொன்றாக வலுப்படுத்த வேண்டிவரும். 1962-லேயே ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை என்ஜினுக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொட்டியை நிரப்பி வைக்க உரிமையாளர்கள் தவறினார்கள். கார் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு டர்போவின் தாமதம் இல்லை. என்ஜினோடு சேர்ந்தே சுழல்வதால் வளைவில் உடனே இழுக்கும். ஆனால் அது என்ஜினின் வலுவிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இறங்கு திசை, வாதம் செய்பவர்கள் பெரும்பாலும் மறக்கும் பாதி. மேட்டில் ஏறிய ஒவ்வொரு வண்டியும் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் என்ஜின் பிரேக் தருவது ஏறத்தாழ என்ஜினின் அளவையும் அதன் உள் உராய்வையும் பொறுத்தது. 2.5 லிட்டர் என்ஜினின் வலுவை 1.2 லிட்டர் டர்போவிலிருந்து பெறலாம். ஆனால் இறங்கும்போது அது 1.2 லிட்டர் என்ஜின் மட்டுமே. அதனால்தான் மலையில் ஓடும் டீசல் லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாகப் பொருத்தப்படுகிறது. டர்போவால் வலுவைக் கூட்டியவர் பிரேக்கைக் கூட்டாவிட்டால் அவர் மலையின் பாதியை மட்டுமே கணக்கிட்டிருக்கிறார். ஜப்பானின் மலைச்சாலைகளில் 1983-ல் வந்த டொயோட்டா ஏஇ86 என்ற எடை குறைந்த 1.6 லிட்டர் சாதா காரைக் காதலித்தவர்கள் இறக்கத்தில்தான் அதன் பெருமையைக் கண்டார்கள். அங்கே வலுவைவிட எடையும் சமநிலையும் பேசின. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியே ஏற்றிவிட்டு, திரும்புவோரைக் குமுளி வழியே அனுப்பும் ஒருவழி ஏற்பாடு ஆண்டுதோறும் நடக்கிறது. மலைச்சாலை பழகாத ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் அப்போது கனத்த வண்டிகளோடு இந்தச் சரிவுகளில் வருகிறார்கள். ஏற்றத்தில் மன்னிக்கப்படும் தவறுகள் இறக்கத்தில் மன்னிக்கப்படுவதில்லை என்பதை அந்தப் பருவத்தின் விபத்துகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இறுதியாக ஒரு மறுப்பு. நம் சட்டம் வண்டியை மாற்றியமைக்கவே இடம் தருவதில்லை. எனவே இந்த வாதம் முழுவதும் கற்பனை என்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணான மாற்றத்தைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. இந்தக் கட்டுப்பாடு இருப்பதில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். ஆட்களை ஏற்றிப் போகும் சாலையில், பிரேக்கைத் தொடாமல் டர்போவை மட்டும் பொருத்தியவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. மாற்றங்களுக்குத் தடம் இருக்கிறது, விதிமுறையோடு நடக்கும் போட்டிகள் இருக்கின்றன. சாலையில் ஓட்டுபவர் தயாரிப்பாளரே வடிவமைத்த டர்போ காரையோ சாதா காரையோ தேர்ந்தெடுக்கலாம். தேர்வு செய்யும் அந்த இடத்தில் இந்த வாதம் கற்பனை அல்ல, மிக நடைமுறையானது.

ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பவருக்கு இந்த மலையின் வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் சுமையைக் கணக்கிடு. போதுமான வலு ஏற்கெனவே இருந்தால் டர்போ தேவையில்லை, ஜீப்பைப் போல. போதவில்லை என்றால் அழுத்தமேற்றிய காற்றே சிக்கனமான வழி, லாரியைப் போல. அடுத்து, இழுவை எந்தச் சுழற்சியில் வேண்டும் என்று பார். மலைக்குக் கீழ்முனை, தடத்துக்கு மேல்முனை. அதன்பின் சூட்டையும் எண்ணெயையும் பிரேக்கையும் பழுதுபார்க்கும் கையையும் கணக்கில் சேர். இந்த வரிசையை மாற்றி, உச்சக் குதிரைத்திறனை முதலில் வைத்து முடிவெடுப்பவர்தான் பணத்தையும் என்ஜினையும் இழக்கிறார். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கட்டப்பனையிலும் மைக்கோ பம்புக் காலத்திலிருந்து காமன் ரெயில் காலம் வரை கைவேலையாகக் கற்று வந்த மெக்கானிக்குகள் இந்த வரிசையை அனுபவத்தால் அறிந்தவர்கள். எந்தச் சுமைக்கு எந்த என்ஜின், எந்த வளைவில் எந்தக் கியர், எந்தப் பழுது எதனால் வந்தது என்ற அவர்களுடைய அறிவை நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் பொறியியல் கல்லூரிகளும் பதிவு செய்து பாடமாக்க வேண்டும். வெளிநாட்டு மலைகளில் நடந்த சோதனைகளைப் படிக்கும் மாணவர், தன் ஊர் மலையில் தினமும் நடக்கும் சோதனையையும் எண்களோடு படிக்கும் உரிமை உடையவர்.